ஸ்டான்ஃபோர்டின் ‘நியூரல் ஹாலோகிராஃபி’ மென்பொருள்: படத்தின் தரம் உயர்வது எங்கே?

கணினி கணக்கிட்டுத் தரும் ஹாலோகிராம்களில் (ஒளி அலையை மீட்டுத் தந்து முப்பரிமாணக் காட்சி தரும் பதிவுகளில்) படத்தின் தரத்தை உயர்த்த விரும்புவோருக்கு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் நிரல்தொகுப்புகளுள் முக்கியமானது ‘நியூரல் ஹாலோகிராஃபி’. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கார்டன் வெட்ஸ்டைன் நடத்தும் ஆய்வகத்தில் இது உருவானது. யிஃபான் பெங், சுயோன் சோய், நிதிஷ் பத்மநாபன், வெட்ஸ்டைன் ஆகிய நால்வரும் 2020ஆம் ஆண்டின் சிக்கிராஃப் ஆசியா என்னும் கணினி வரைகலை மாநாட்டுக்கு அளித்த ஆய்வுக்கட்டுரையோடு சேர்த்து இதன் நிரல், நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் வைக்கப்பட்டது. பெயரில் முன்னிற்பது நியூரல் நெட்வொர்க் (எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்கும் கணினி மாதிரி) என்றாலும், இத்தொகுப்புக்கு மதிப்பைத் தருவது அதன் இன்னொரு பகுதியான, ஒளியியல் மேசைமீது நிறுத்தப்படும் ஒரு கேமராவே என்பது என் கருத்து. வாங்கிப் பயன்படுத்தும் பொருளைப் போலவே இதையும் எடைபோடலாம்: சொன்னதைச் செய்கிறதா, யாருக்குப் பயன்படும், எங்கே கைவிடும் என்பவைதாம் கேள்விகள்.

இது தீர்க்க முயலும் சிக்கலை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒளி அலைக்கு வீச்சு (அலையின் உயரம்), கட்டம் (அலை தன் ஏற்ற இறக்கச் சுழற்சியில் இருக்கும் நிலை) என்னும் இரண்டு பண்புகள் உண்டு. சாதாரணப் புகைப்படம் ஒளியின் செறிவை மட்டும் பதிவு செய்வதால் கட்டம் பற்றிய தகவல் முழுவதும் தொலைந்துவிடுகிறது. இரண்டையும், அலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் வரும் குறுக்கீட்டு விளைவின் மூலம் பதிவு செய்ய முடியும் என்பதை டென்னிஸ் கபோர் 1948இல் எடுத்துக்காட்டினார். அதற்காக 1971ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசையும் பெற்றார். பொருளே இல்லாமல் கணக்கின் வழியாகவே ஹாலோகிராமை வரைந்துவிடலாம் என்பதை பிரவுனும் லோமானும் 1966இல் காட்டினர். இன்று அந்தக் கணக்கின் விடையை அச்சிடுவதற்குப் பதிலாக, சிலிக்கன்மேல் திரவப் படிகம் பரப்பிய, ஒளியைப் புள்ளிக்குப் புள்ளி மாற்றும் சிறிய ஒளிப் பண்பேற்றித் திரையில் காட்டி, அதன்மீது லேசர் ஒளியைச் செலுத்துகிறோம். ஆனால் இத்தகைய திரைகளுள் பரவலாகப் பயன்படும் வகை ஒளியின் கட்டத்தை மட்டுமே மாற்றவல்லது. வீச்சை அதனால் தொட முடியாது. நாம் உருவாக்க விரும்பும் அலைக்கோ ஒவ்வொரு புள்ளியிலும் இரண்டு எண்கள் தேவை. இரண்டு எண்களை ஓர் எண்ணாகச் சுருக்கும் இந்த இடத்தில்தான் படம் முதன்முதலாகத் தரம் இழக்கிறது.

தொகுப்பு எழுதப்பட்ட கருவியமைப்பைப் பார்த்தால் சிக்கலின் அளவு விளங்கும். திரை 1920 × 1080 பிக்சல்கள் கொண்டது. பிக்சலுக்குப் பிக்சல் இடைவெளி 6.4 மைக்ரோமீட்டர். ஆக மொத்தத் திரையும் ஏறத்தாழ 12.3 மில்லிமீட்டர் அகலமும் 6.9 மில்லிமீட்டர் உயரமும்தான். சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றுக்கும் முறையே 638, 520, 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசர்கள். படம் உருவாகும் தளம், நிரலில் இயல்பாகக் கொடுக்கப்பட்டுள்ளபடி, திரையிலிருந்து 20 சென்டிமீட்டர் தொலைவில் உள்ளது. இந்த எண்களை வைத்துக் கணக்கிட்டால், பச்சை ஒளியில் ஒவ்வொரு பிக்சலும் அச்சிலிருந்து இருபுறமும் சுமார் 2.3 பாகை வரை ஒளியை விரிக்கிறது. 20 சென்டிமீட்டரில் அது ஏறக்குறைய 16 மில்லிமீட்டர் அகலமாகிவிடுகிறது. அதாவது ஒரே ஒரு பிக்சலின் ஒளி முழுத்திரையின் அகலத்தையும் விஞ்சிப் பரவுகிறது. சாதாரணத் தொலைக்காட்சியில் ஒரு பிக்சல் பழுதானால் ஒரு புள்ளி மட்டும் கெடும். இங்கே திரையில் நேரும் எந்தச் சிறு பிழையும் படத்தின் பெரும்பகுதியிலும் கலந்துவிடுகிறது. ஹாலோகிராமின் தரத்தை உயர்த்துவது இத்தனை பிடிவாதமான சிக்கலாக இருப்பதற்கு அடிப்படைக் காரணம் இதுவே.

தொகுப்பின் முதல் பாதி கணினிக்குள்ளேயே நடக்கும் உருவகம், அதாவது ஒளியின் போக்கைக் கணக்கிலேயே நடத்திப் பார்ப்பது. அதற்குக் கேமராவும் வேண்டாம், லேசரும் வேண்டாம். ஓரளவு நல்ல ஜிபியு (வரைகலைச் செயலி) உள்ள கணினி போதும். ஒரே படத்துக்குப் பல வழிமுறைகளில் ஹாலோகிராம் கணக்கிட்டு அருகருகே வைத்து ஒப்பிட முடிகிறது. பாடம் நடத்துபவர்களுக்கு இது ஒன்றே போதுமான காரணம். 1972இல் கெர்ச்பெர்க்கும் சாக்ஸ்டனும் தந்த முறை, திரைக்கும் படத்தளத்துக்கும் இடையே அலையை முன்னும் பின்னுமாக அனுப்பி, ஒவ்வொரு முறையும் தெரிந்த வீச்சை வலிந்து பொருத்துகிறது. கொள்கை எளிது, ஆனால் தற்செயலான கட்டத்தில் தொடங்கும்போது சில சுற்றுகளுக்குப் பிறகு முன்னேற்றம் தேங்கி, படம் முழுவதும் மணல் தூவியது போன்ற கரகரப்பு மிஞ்சுகிறது. இரட்டைக் கட்ட முறை வேறு வழியில் செல்கிறது. வீச்சையும் கட்டத்தையும் சேர்த்துக் குறிக்கும் எந்தச் சிக்கலெண்ணையும் வீச்சு சமமாக உள்ள இரண்டு கட்டங்களின் கூட்டாக எழுதலாம் என்ற கணித உண்மையை 1978இல் ஹ்ஸுயேவும் சாச்சக்கும் ஹாலோகிராமுக்குப் பயன்படுத்தினர். அந்த இரண்டு கட்டங்களையும் சதுரங்கப் பலகையின் கறுப்பு வெள்ளைச் சதுரங்களைப் போல் அடுத்தடுத்த பிக்சல்களில் மாறிமாறி இட்டுவைக்கும் வடிவத்தை, மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த மெய்மோனும் உடனிருந்தவர்களும் 2017இல் கண்ணருகே வைக்கும் காட்சிக் கருவிகளில் பயன்படுத்திக் காட்டினர். சுற்றுகள் தேவையில்லாததால் விடை உடனே கிடைக்கிறது, கரகரப்பும் குறைவு. விலையாக நுண்விவரங்கள் மழுங்குகின்றன, ஒளியிலும் ஒரு பகுதி வீணாகிறது.

மூன்றாவது முறையே தொகுப்பின் முதுகெலும்பு. திரையிலுள்ள இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பிக்சல்களின் கட்டங்களை மாறிகளாக எடுத்துக்கொண்டு, கணக்கிடப்பட்ட படத்துக்கும் விரும்பிய படத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் குறைக்கும் திசையில் ஒவ்வொன்றையும் சிறிது சிறிதாக நகர்த்துவது. நியூரல் நெட்வொர்க்கைப் பயிற்றுவிக்கும் அதே சரிவிறக்க முறைதான். பைடார்ச் என்னும் நிரல் நூலகம் வகைக்கெழுக்களைத் தானாகவே கணக்கிட்டுக்கொள்வதால் நிரல் வியக்கத்தக்க அளவுக்குச் சுருக்கமாக இருக்கிறது. இயல்பாக 500 சுற்றுகள் ஓடுகிறது. உருவகத்தில் இது தரும் படம் முந்தைய இரண்டையும் விடத் தெளிவாகவே மேலானது. பொறுமைதான் வேண்டும். மூன்று நிறங்களுக்கும் தனித்தனியே ஓட்ட வேண்டியிருப்பதால், ஒரு வண்ணப் படத்துக்கே கணிசமான நேரம் பிடிக்கிறது. காணொளிக்கு இது உதவாது.

இந்தப் பாதியில் எனக்கு மிகவும் பிடித்தவை, தலைப்புச் செய்தியாக வராத சிறு சிறு கவனங்கள். கணினியில் சேமிக்கப்பட்ட படத்தின் மதிப்புகள் ஒளியின் செறிவுக்கு நேர்விகிதத்தில் இருப்பதில்லை. அவை காமா வளைவில் மடக்கப்பட்டவை. இத்தொகுப்பு முதலில் அந்த வளைவை நீக்கிச் செறிவாக்கி, அதன் வர்க்கமூலத்தை எடுத்து வீச்சாக்கி, அதன் பிறகே இலக்காகக் கொள்கிறது. இந்த இரண்டு படிகளில் ஒன்றைத் தவறவிட்டாலும் நிழற்பகுதிகள் வெளிறியோ அடைந்தோ போகும். பழி அல்காரிதத்தின்மேல் விழும். அதேபோல், அலைப் பரவலை, அலையை எளிய அலைகளாகப் பிரிக்கும் ஃபூரியே உருமாற்றம் வழியாகக் கணக்கிடும்போது, ஓரத்தைத் தாண்டும் அலை மறுபக்கத்திலிருந்து நுழைந்துவிடும் அபாயம் உண்டு. 16 மில்லிமீட்டர் விரியும் ஒளியை 12 மில்லிமீட்டர் சட்டத்துக்குள் கணக்கிடுவதால் வருகிற தொல்லை இது. அதைத் தவிர்க்கச் சுற்றிலும் பூச்சியங்களை நிரப்பிச் சட்டத்தை இரட்டிப்பாக்குகிறது நிரல். விளிம்பில் தரம் இயல்பாகவே குறையும் என்பதால் 1600 × 880 பிக்சல் கொண்ட நடுப்பகுதியை மட்டுமே மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொள்கிறது. மொத்தப் பிரகாசத்தையும் ஒரு பெருக்கெண்ணாகத் தனியே சரிசெய்துகொள்கிறது. ஹாலோகிராம் நிரலைத் தாமே எழுத நினைக்கும் மாணவர்கள், வேறெதையும் பயன்படுத்தாவிட்டாலும், இந்தச் சில வரிகளையாவது படித்துப் பார்க்க வேண்டும்.

இனி இரண்டாம் பாதி. உருவகத்தில் அழகாக வந்த ஹாலோகிராமை உண்மையான திரையில் ஏற்றினால், வருவது பெரும்பாலும் கரகரப்பும் வரிகளும் கலந்த மங்கலான படம். காரணங்கள் பல. லேசர்க் கற்றை நடுவில் பிரகாசமாகவும் ஓரத்தில் மங்கலாகவும் இருக்கிறது. உருவகமோ எங்கும் சமமான ஒளியை எடுத்துக்கொள்கிறது. லென்சுகளுக்கு, ஒளியைச் சரியாகக் குவிக்காத பிறழ்ச்சிகள் உண்டு. திரைக்கு நாம் கொடுக்கும் 256 படிகளும் உண்மையில் சமமான கட்ட மாற்றங்களைத் தருவதில்லை. ஒரே மின்னழுத்தம் நீல ஒளியில் ஒரு கட்டத்தையும் சிவப்பில் வேறொரு கட்டத்தையும் தருகிறது. அண்டைப் பிக்சல்களின் மின்புலங்கள் ஒன்றில் ஒன்று கசிவதால், கட்டம் சட்டென மாறும் இடங்கள் மழுங்குகின்றன. பிக்சலுக்குப் பிக்சல் மாறும் இரட்டைக் கட்ட முறை இந்தக் கசிவினால் அதிகமாக அடிபடுவது இயல்பே. பண்பேற்றப்படாத ஒளியின் ஒரு பங்கு நேராக நடுவில் வந்து விழுகிறது. கண்ணாடிப் பரப்பில் ஒட்டிய தூசுகூட வட்ட வட்டமான குறுக்கீட்டு வரிகளாகப் படத்தில் தெரிகிறது.

இவை ஒவ்வொன்றையும் தனித்தனியே அளந்து சமன்பாட்டில் சேர்ப்பது பழைய வழி. அவற்றின் மொத்த விளைவையும் கேமராவில் பிடித்துத் திருத்துவது ஸ்டான்ஃபோர்ட் குழுவின் வழி. மிருதங்கக் கலைஞர் தோலைத் தட்டிக் கேட்டு, கேட்டதற்கு ஏற்ப வாரை இறுக்கியும் தளர்த்தியும் சுருதி சேர்ப்பதைப் போல, ஹாலோகிராமைத் திரையில் காட்டி, வந்த படத்தைக் கேமராவில் எடுத்து, இலக்கோடு ஒப்பிட்டு, கட்டங்களைத் திருத்தி, மீண்டும் காட்டுகிறார்கள். இதில் ஒரு கணிதத் தடை உண்டு: கணினிக்குள் ஓடும் சமன்பாட்டுக்கு வகைக்கெழு காணலாம், மேசைமேல் ஓடும் ஒளிக்குக் காண முடியாது. அதைத் தாண்டும் உத்தி எளிமையானது. பிழையின் அளவைக் கேமராவின் படத்திலிருந்து எடுத்துக்கொண்டு, எந்தத் திசையில் திருத்துவது என்பதை மட்டும் உருவகத்தின் வகைக்கெழுவிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். உருவகம் முற்றிலும் சரியாக இல்லாவிட்டாலும் திசை ஏறத்தாழச் சரியாக இருந்தால் போதும். மீதியை அடுத்தடுத்த சுற்றுகள் பார்த்துக்கொள்ளும். நிரலில் இது ஒரே வரி. அந்த ஒரு வரிக்காகவே இத்தொகுப்பை நான் உயர்வாக மதிக்கிறேன்.

கேமராவை இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம். ஒரு படத்தைக் குறிவைத்து நேரடியாகத் திருத்துவது முதல் வழி. கட்டுரையில் காட்டப்பட்டுள்ள படங்களில் கண்ணுக்குத் தெரியும் பாய்ச்சல் இந்த வழியில்தான் நிகழ்கிறது; பழைய முறைகளின் படங்களில் கரகரப்புக்குள் மூழ்கிய இழைகளும் எழுத்துகளும் இதில் தெளிந்து நிற்கின்றன. ஆனால் ஒரு படத்துக்குச் செய்த திருத்தம் அடுத்த படத்துக்கு உதவாது. இரண்டாம் வழியில், பல படங்களைக் காட்டிப் பிடித்து, கருவியின் குணத்தையே ஒரு மாதிரியாகக் கற்றுக்கொள்கிறது நிரல். ஒளிக்கற்றையின் செறிவுப் பரவல், லென்சுப் பிறழ்ச்சிகள், மின்னழுத்தத்துக்கும் கட்டத்துக்குமான வளைவு என ஒவ்வொன்றுக்கும் இயற்பியல் பொருள் உள்ள தனிக்கூறுகளாக அது அமைக்கப்பட்டிருப்பது எனக்கு மனநிறைவைத் தந்தது. எல்லாவற்றையும் ஓர் இருட்டுப் பெட்டியாக வைத்து நெட்வொர்க்கிடம் விட்டிருந்தால், கருவியில் எது கோளாறு என்பதைக் கடைசிவரை அறிய முடியாது. இங்கே கற்றுக்கொண்ட மாதிரியைத் திறந்து பார்த்தால், கற்றை ஒருபுறம் சாய்ந்திருப்பதைக்கூடக் கண்டுகொள்ளலாம்.

‘ஹோலோநெட்’ எனப் பெயரிட்ட நியூரல் நெட்வொர்க் இதற்குப் பிறகு வருகிறது. படத்தைப் பெற்று, படத்தளத்தில் அதற்கு ஏற்ற கட்டத்தை ஒரு நெட்வொர்க் ஊகிக்கிறது. அந்த அலையைத் திரைவரை பின்னோக்கி அனுப்புகிறது வழக்கமான சமன்பாடு. அங்கே கிடைக்கும் சிக்கலெண் புலத்தை இரண்டாவது நெட்வொர்க் கட்டமாக மட்டும் சுருக்குகிறது. இயற்பியலுக்குத் தெரிந்ததை இயற்பியலிடமே விட்டுவிட்டு, தெரியாத இரண்டு முனைகளை மட்டும் கற்கச் சொல்லும் இந்தப் பங்கீடு நல்ல வடிவமைப்பு. முழுவண்ண 1080 வரிப் படங்களை நிகழ்நேரத்தில் உயர்தரமாகத் தரும் முதல் அல்காரிதம் என்று ஆசிரியர்கள் இதற்கு உரிமை கோருகின்றனர். நேரடித் திருத்தம் தரும் தரத்தை இது எட்டுவதில்லை. வேகத்தோடு சேர்த்துப் பார்க்கும்போது அந்த இழப்பை ஏற்கலாம். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். அலைநீளம், தொலைவு, திரை, லென்சு ஆகியவற்றோடு கட்டுண்டே இது பயிற்சி பெறுகிறது. நிறத்துக்கு ஒரு நெட்வொர்க் தேவை; மேசையில் எதையேனும் நகர்த்தினால் மாதிரியையும் நெட்வொர்க்கையும் மீண்டும் பயிற்றுவிக்க வேண்டும். தொகுப்போடு வரும் பயிற்சி பெற்ற கோப்புகளைத் தம் கருவியில் நேராகப் பொருத்தி ஸ்டான்ஃபோர்டின் படத்தை எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள்.

தரத்தை அளக்கும் எண்ணைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. இத்துறையில் எல்லோரும் சொல்லும் பிஎஸ்என்ஆர் என்னும் டெசிபெல் மதிப்பு, சராசரி வர்க்கப் பிழையின் மடக்கை; பிழை பத்தில் ஒன்றாகக் குறைந்தால் 10 டெசிபெல் கூடும். உருவகத்தில் கிடைக்கும் உயர்ந்த மதிப்பு, எந்தச் சமன்பாட்டைக் கொண்டு ஹாலோகிராம் கணக்கிடப்பட்டதோ அதே சமன்பாட்டைக் கொண்டு சரிபார்க்கப்பட்டது. அது கருவியைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. கேமராவில் பிடித்த படத்தின் மதிப்பையும் தனியே தருவது இக்கட்டுரையின் நேர்மை; மற்ற ஆய்வுகளைப் படிக்கும்போதும் அந்த இரண்டாம் எண்ணையே தேடிப் பார்க்க வேண்டும்.

அந்த எண்ணுக்குள் அகப்படாத குறையே இத்தொகுப்பின் பெரிய குறை. தெளிவான படம் கிடைப்பதற்குப் பெரிதும் காரணம், படத்தளத்தில் கட்டம் மெதுவாக, வழுவழுப்பாக மாறுவதுதான். இங்குள்ள சரிவிறக்க முறைகூட −0.5 முதல் 0.5 ரேடியன் வரையிலான குறுகிய எல்லையில் தொடங்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. கட்டம் வழுவழுப்பானால் கரகரப்பு அடங்குகிறது. ஆனால் ஒளி ஒரு சிறு கோணத்துக்குள் குவிந்துவிடுகிறது. கண்ணருகே வைக்கும் கருவியில், கண்மணி சற்றே விலகினாலும் படம் மறையும் நிலை அதனால் வருகிறது. குவியத்தில் இல்லாத பொருள்கள் இயல்பாக மங்குவதற்குப் பதிலாக, விளிம்புகளில் வளையங்கள் தோன்றுகின்றன. ஹாலோகிராஃபியை நாடுவதே கண் இயல்பாகக் குவியும் முப்பரிமாணக் காட்சிக்காக என்னும்போது, ஒரே தளத்தில் அமைந்த இருபரிமாணப் படத்தின் கூர்மையை மட்டும் வென்றெடுப்பது பாதி வெற்றியே. 2020இல் வெளியான நிரல் இயல்பாக அந்த ஒரு தளத்தையே இலக்காகக் கொள்கிறது என்பதைப் பதிவிறக்கும் முன்பே அறிந்துகொள்வது நல்லது.

லேசர் ஒளியின் குறுக்கீட்டால் மிஞ்சும் ஸ்பெக்கிள் என்னும் புள்ளிக் கரகரப்புக்கு இன்னொரு மருந்து உண்டு. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல கரகரப்புகளை அடுத்தடுத்து விரைவாகக் காட்டிக் கண்ணில் சராசரியாக்கினால், அதன் அளவு காட்சிகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுபட்டுக் குறையும். நான்கு காட்சிகள் பாதியாக்கும்; நான்கில் ஒன்றாக்கப் பதினாறு வேண்டும். நொடிக்கு 60 காட்சிகள் தரும் திரவப் படிகத் திரையில் இதற்கு இடமில்லை. அதே ஆய்வகம் 2021இல் ‘சயன்ஸ் அட்வான்சஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், லேசருக்குப் பதிலாக ஓரியல் தன்மை (அலைகள் ஒரே சீராக இணைந்து செல்லும் தன்மை) குறைந்த ஒளிமூலத்தைக் கேமராத் திருத்தத்தோடு இணைத்தது. 2022இல், படிகள் குறைவானாலும் மிக வேகமாக மாறும் பண்பேற்றிகளைக் கொண்டு காட்சிகளைச் சராசரியாக்கியது. இரண்டு ஆய்வுகளும் இத்தொகுப்பின் கேமரா உத்தியின்மேல் எழுந்தவை.

பயன்பாட்டு அனுபவம் பற்றிச் சுருக்கமாக. பைத்தான், பைடார்ச் தெரிந்தவர் உருவகப் பகுதியை அதிகச் சிரமமின்றி ஓட்டிவிடலாம். 2020இல் எழுதப்பட்டது என்பதால், தொகுப்போடு தரப்பட்டுள்ள சூழல் கோப்பின்படி நூலகங்களின் பதிப்புகளை அமைத்துக்கொள்வது தலைவலியைக் குறைக்கும். கேமராப் பகுதி வேறு உலகம். குறிப்பிட்ட நிறுவனங்களின் திரைக்கும் கேமராவுக்கும் உரிய இயக்கு நூலகங்களை நம்பி அது எழுதப்பட்டிருப்பதால், வேறு கருவி வைத்திருப்பவர்கள் அந்தப் பகுதிகளைத் தாமே எழுதிக்கொள்ள வேண்டும். கேமராவின் பிக்சல்களையும் இலக்குப் படத்தின் பிக்சல்களையும் பொருத்துவதற்குப் புள்ளி வரிசையைக் காட்டி அளவுதிருத்தம் செய்யும் நிரல் உள்ளது. இந்தப் பொருத்தம் ஒரு பிக்சல் பிசகினாலும் திருத்தம் முழுவதும் தவறான இடத்தில் விழும் என்பதால், அவசரப்படக் கூடாத படி இதுதான். கட்டப் பண்பேற்றித் திரையும், மூவண்ண லேசரும், ஆய்வுத்தரக் கேமராவும், அதிர்வு தாங்கும் மேசையும் சேர்ந்தால் செலவு பல லட்சம் ரூபாயைத் தொடும். கேமரா இருக்கும்போது லேசர்ப் படத்தை வெறுங்கண்ணால் எட்டிப் பார்க்கும் ஆசையைத் தவிர்ப்பது நல்லது.

உரிமம் வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டுமே. கல்லூரி ஆய்வகத்துக்கு இது தடையில்லை. பொருளாக்கி விற்க எண்ணுபவர் பல்கலைக்கழகத்திடம் தனி உரிமம் பெற வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டை விரும்பாதவர்களுக்கு, லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் கான் அக்ஷித் குழு வளர்த்துவரும் ‘ஒடாக்’ நூலகம் இருக்கிறது. அலைப் பரவலும் ஹாலோகிராம் கணக்கீடும் அதிலும் உண்டு. முப்பரிமாணமே முதல் தேவை என்பவர்கள், எம்ஐடியின் லியாங் ஷியும் வோய்செக் மட்டுசிக்கும் உள்ளிட்ட குழு 2021இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ‘டென்சர் ஹாலோகிராஃபி’யைப் பார்க்கலாம். நிறத்தோடு ஆழத்தையும் உள்ளீடாகப் பெறும் அந்த நெட்வொர்க்கின் அளவு 620 கிலோபைட்டுக்கும் குறைவு. ஒரே ஒரு நுகர்வோர் ஜிபியுவில் நொடிக்கு 60 ஹாலோகிராம்கள் தருகிறது. அதைக் கணினியிலிருந்து மேசைக்குக் கொண்டுபோகிறவர்களுக்கும் லேசரின் சாய்வும் திரையின் வளைவும் லென்சின் பிறழ்ச்சியும் அப்படியே காத்திருக்கும் என்பதால், அதைத் தேர்ந்தெடுப்பவர்களுக்குக்கூட ஸ்டான்ஃபோர்ட் தொகுப்பின் கேமராப் பகுதியைப் பிரித்தெடுத்துப் பயன்படுத்துமாறு பரிந்துரைப்பேன்.